சத்தமில்லாத முனை

"ஏம்மா இசைவாணி, அந்த டிஜிட்டல் பேனா என்னமா கீச்சுங்குது!"

திருத்தங்கல் அச்சக முதலாளி செந்தூர்பாண்டி டிசைன் அறைக்குள் வந்து நின்றார். கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் வரைந்துகொண்டிருந்த இசைவாணி, மேசையோரம் தொங்கிய துணியை அவசரமாக இழுத்துவிட்டாள்.

"மெதுவா வரையிறேன் அண்ணாச்சி."

"மெதுவா வரைஞ்சா ஆர்டர் என்னாகுறது? பேனாவைக் குடு."

அச்சு மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தூங்குகிற மனிதருக்கு இந்தச் சத்தமா பெரிசு? வேலையை விட்டு அனுப்பத்தான் சாக்குத் தேடுகிறார் என்று நினைத்தபடி பேனாவை நீட்டினாள்.

அவரோ தேய்ந்த முனையை இடுக்கியால் உருவிவிட்டு, பேனாவோடு வந்த டப்பாவில் கிடந்த மெத்தென்ற முனையைச் செருகினார். கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த வரைபலகையில் கிறுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"எனக்கு மெஷின் சத்தமே தாலாட்டும்மா" என்றபடி குனிந்து துணியை விலக்கினார்.

மேசைக்கடியில், அட்டைப்பெட்டிக்குள் இசைவாணியின் நாலு மாதப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா இந்த ரூம் கண்ணாடித் தடுப்பு வழியாப் பாக்கேன். இந்தக் கீச்சுக்குத்தான் பாவம் திடுக்குனு முழிக்கா."

இசைவாணி நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுதது போதும். பெட்டியை இங்கன தள்ளி வை. ஏசி காத்து புள்ள மேலயே அடிக்குது பாரு."