ஒட்டிக்கொண்ட சுவிட்ச்

"தமயந்தி அக்கா, கையை உள்ளே விடாதீங்க. என் பின்கதவு சுவிட்ச் ஒட்டிக்கிச்சு. கதவைத் திறந்தாலும் மூடியிருக்குன்னுதான் சொல்லும்," என்றது தகடு வெட்டும் பிரஸ்.

சிக்கிய தகட்டை எடுக்கப் போன தமயந்தி கையை இழுத்துக்கொண்டாள்.

"பச்சை விளக்குதானே எரியுது? எடும்மா," என்றார் சூப்பர்வைசர் இருதயராஜ்.

"மாட்டேன் சார்."

கதவு திறந்தால் பிரஸ் நிற்கும் என்று காட்ட, எரிச்சலோடு அவரே அதன் எச்சரிக்கையை அணைத்து, கதவைத் திறந்து ஒரு மரக்கட்டையை உள்ளே நீட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். நிற்க வேண்டிய பிரஸ் இறங்கியது. கட்டை இரண்டாகப் பிளந்தது.

இருதயராஜ் வெளிறிப்போய் மெயினை அணைத்தார். "மன்னிச்சிடும்மா."

"என்னை விடுங்க சார். அந்த பிரஸ்ஸுக்கு ஒரு நன்றி சொல்லுங்க."

"மெயினைத் திரும்பப் போட்டதும் சொல்றேன்."

தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, சாப்பிடக் கிளம்பினாள்.