நேசராணியின் டின்

நமுனுகுல மலைப் பனி விலகி, சன்னலோரத்துப் பால் டின்கள் மேல் வெயில் விழுகிறது. ஏழாம் வகுப்பின் பன்னிரண்டு டின்களிலும் எங்கள் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. பதினொன்றில், ஈரப் பஞ்சைக் கிழித்துக்கொண்டு போஞ்சி விதை முளைத்து நிற்கிறது. நேசராணியின் டின்னில் பஞ்சு மட்டும். விதை போட்ட வாரம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எந்த வீட்டிலும் மாவு இல்லை. ஊறிய விதைகள் மூன்றையும் அவள் மென்று தின்றதை நான் மட்டும் பார்த்தேன். "சார்கிட்ட சொல்லிறாதடி" என்றாள். மாவு வந்த செவ்வாய்க்கிழமை அவளைப் புதைத்தோம். முளைகளை அளக்க அளவுகோலோடு வரும் எட்வர்ட் சார் அந்த டின்னைக் கையில் எடுக்கிறார். "இந்த வெதை மொளைக்காதும்மா. கொட்டிரலாமா?" அவர் விரல் பஞ்சைத் தொடுமுன் டின்னை வாங்கிக்கொள்கிறேன். "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாங்க சார்" என்று தண்ணீர் ஊற்றுகிறேன்.