மடிக்காத நுனி

சாயங்கால வெயில் வாசற்கதவின் தாழ்ப்பாளில் விழுகிறது. ஏசி மெக்கானிக் டக்ட் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து அதன்மேல் ஒட்டுகிறார். அடுப்புத் திருகிலும் மேசையின் கூரான மூலையிலும் தன் மனைவியின் அறுந்த செருப்பு வாரிலும் இதே சாம்பல் டேப்தான். ஞாபகமறதி முற்றிப்போன மனைவிக்காக வீடே டேப்பால் நிற்கிறது. தொழில் பழக்கத்தில் எப்போதும் நுனியைச் சற்றே மடித்துவிடுவார். மறுபடி பிரிக்கும்போது விரலுக்குப் பிடி வேண்டுமே. நேற்று அந்த மடிப்பைப் பிடித்து உரித்துக்கொண்டுதான் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். லாரிக்காரன் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தாள். அதனால் இன்று மடிக்காமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறார். டேப் கதவோடு கதவாகப் படிந்துவிடுகிறது. கைப்பையை மார்போடு அணைத்தபடி அவள் வந்து பக்கத்தில் நிற்கிறாள். "நேரமாச்சு. வீட்டுக்குப் போகணும்." "இதுதாம்மா நம்ம வீடு." அவள் நகம் டேப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே மூலைவரை போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. ஒன்றும் அகப்படவில்லை. கையை எடுத்துவிட்டு அவர் முகத்தை ஏற இறங்கப் பார்க்கிறாள். "எங்க வீட்டுக்காரரு நுனிய மடிச்சுத்தான் ஒட்டுவாரு," என்கிறாள். "நீங்க யாருங்க?" அவர் டேப்பை இன்னும் ஒரு தரம் அழுத்தித் தேய்க்கிறார்.