கறை பிடிக்காத மேசை

"சாம்பார் கொட்டினாலும் கறை பிடிக்காத மேசையா காட்டுங்க. வீட்ல குழந்தை சிந்திக்கிட்டே இருக்கும்," என்று வசுமதி வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் குழந்தையே கிடையாது. சிந்துவது, கை நடுங்கும் மாமனார் சிங்காரம். அவர், கடைக்காரர் நீட்டிய டீயைக்கூட வேண்டாமென்றுவிட்டு, ஒரு சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அந்த டீயையே அதன்மேல் ஊற்றி, துணியால் ஒரே இழுப்பில் துடைத்துக் காட்டினார்.

"குழந்தைக்கு என்ன வயசும்மா?"

வசுமதி மேசையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு முடியப்போகுது," என்றார் சிங்காரம், கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு.

"அப்ப கவலைய விடுங்க. வளர வளரச் சரியாயிடும்."

வசுமதி துணியை வாங்கி, ஈரமே இல்லாத இடத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.