பொருக்கும் நகமும்

முழங்காலில் அடிபட்ட இடத்தை மூடிக்கொண்டு ஒரு காய்ந்த பொருக்கு உட்கார்ந்திருந்தது. அடியில் புதுத்தோல் இன்னும் முழுதாக வளரவில்லை. கிருமிகள் உள்ளே புகுந்துவிடுமோ என்ற பயத்தில் பொருக்கு அசையவே இல்லை.

அப்போது நகம் வந்தது. "ஓரத்தை மட்டும் லேசாத் தூக்கிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் அண்ணே! உள்ளே பச்சைத்தோல் இருக்கு. அதுக்கு நான் ஒருத்திதான் கதவு."

"அரிக்குதே, சும்மா இருக்க முடியலையே!"

"ஆறும்போது அரிக்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுங்க."

நகம் கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு மெதுவாகத்தான் நெம்பியது. பொருக்கு பாதி பிய்ந்து தொங்கியது, ரத்தம் கசிந்தது. பதறிப்போன நகம், திறந்த இடத்தைத் தானே அழுத்தி மூடியது.

"ஐயோ, தள்ளிப் போங்கண்ணே!" என்று பொருக்கு அலறியது. "உங்க இடுக்கிலேதான் கிருமி இருக்கு!"