மைல்கல் சுவர்

ரெமெடியோஸ் அல்காந்தரா ஓய்வு பெற இன்னும் பதினொரு நாட்கள் இருந்தன.

நடுவில் இந்த ஒரு விழா. இதைக் கடந்துவிட்டால் போதும்.

பல்கலைக்கழகத்துக்கு எழுபத்தைந்து வயது. நூலகத்தின் முன்சுவர் நெடுகப் பளிங்குப் பலகைகள் பதித்திருந்தார்கள். 1949, முதல் வகுப்பு, பதினேழு ஆண்கள். 1953, முதல் மாணவி. 1961, அறிவியல் புலம். 1972, தெற்குத் தீவுகளிலிருந்து வந்த முதல் முஸ்லிம் பேராசிரியர்.

கடைசிப் பலகையின்மேல் மட்டும் மஞ்சள் துணி தொங்கியது. அதன் முன்னால்தான் விழா மேடை.

துணிக்கு அடியில் இருந்த வாசகத்தை ரெமெடியோஸ் மூன்று முறை பிழை திருத்தியிருந்தாள். ‘1984. மலைநாட்டிலிருந்து வேதியியல் படிக்க வந்த முதல் மாணவி, தொமிங்கா தவாத்தோன்.’ அறிவியல் புலத்தின் டீன் ரெமெடியோஸ்தான். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

தொமிங்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. சிவப்புக் கோடு போட்ட கைத்தறிப் பாவாடை. மலை ஊர்களின் குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றை அங்கே நடத்துகிறாள்.

அவள் இங்கே சேர்ந்த வருஷம்தான் ரெமெடியோஸும் ஆசிரியையாகச் சேர்ந்தாள். முதல் வாரம். தொமிங்கா ஆய்வுக்கூடத்தில் பியூரெட் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த ஒரு பையன் கேட்டான்.

“மலைக்காரங்களுக்கு வால் உண்டாமே. கோட்டுக்குள்ள எப்படிம்மா சுருட்டி வச்சிருக்க?”

கூடமே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தாள். எல்லோரையும்விடக் கொஞ்சம் உரக்கவே சிரித்தாள்.

அதன்பிறகு நான்கு வருஷமும் தொமிங்கா சுவரை ஒட்டி நின்றே வேலை செய்தாள். யாருக்கும் முதுகைக் காட்டவில்லை.

நேற்று வந்து இறங்கியதும் அந்தப் பேச்சை அவளே எடுத்தாள். ரெமெடியோஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் கீழ்நாட்டுக்காரர்கள், உங்களுக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும், அதையெல்லாம் எப்போதோ மன்னித்துவிட்டேன் மேடம் என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் ரெமெடியோஸுக்குத் தூக்கம் போனது.

மலைநாட்டு விருந்தாளி என்பதால் விழாவை அரிசி மதுவோடு தொடங்கலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். மூங்கில் குவளைகளில் வந்தது. இத்தனை வருஷத்தில் ரெமெடியோஸ் எந்த விழாவிலும் மதுவைத் தொட்டதில்லை. இன்று பல்கலைக்கழகத் தலைவரே கையில் கொடுத்துவிட்டார்.

தலைவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இருமினார். தொமிங்கா குடிப்பதற்கு முன் குவளையைச் சாய்த்து மூன்று சொட்டு தரையில் விட்டாள். செத்தவர்களுக்கு முதல் வாய். போட்டோக்காரர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தாள்.

ரெமெடியோஸின் குவளையும் சாய்ந்தது. மூன்று சொட்டு. உடனே செருப்பு நுனியால் அதைத் தேய்த்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது தொமிங்கா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து தொமிங்காவைப் பேச அழைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்த தாள் கையில் இருந்தது. மைக்கின் முன் நின்று அதை நான்காக மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் மலைப் பாஷையில் பேச ஆரம்பித்தாள்.

அரங்கத்துக்கு ஒரே சந்தோஷம். அவர்களில் யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. கைபேசிகள் உயர்ந்தன.

அன்றைக்கு அத்தனை பேரும் சிரித்தபோது எனக்கு வலிக்கவில்லை என்றாள். நெற்றியில் வார் மாட்டிக் கூடை சுமக்காதவர்களுக்குக் கழுத்துவலி எப்படித் தெரியும் என்றாள். தெரியாதவர்கள் என்றுதான் மன்னித்தேன். நாற்பது வருஷம் அந்த மன்னிப்பைச் சுமந்து வந்து நேற்று ஒருத்தி கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. இப்போது அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

பேசி முடிக்கும்வரை அவள் பார்வை ரெமெடியோஸின் முகத்தை விட்டு நகரவில்லை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விழாவைத் தொகுத்து வழங்கிய இளம் ஆசிரியை கிறிஸ்டலுக்குக் கண் கலங்கியிருந்தது. எவ்வளவு அழகான பாஷை, என்ன சொன்னீர்கள் என்று எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன் என்று கெஞ்சினாள்.

தொமிங்கா மைக்கைக் கழற்றி ரெமெடியோஸிடம் நீட்டினாள்.

“டீன் சொல்லுவாங்க.”

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அரங்கம் சிரித்தது. இந்த முறை ரெமெடியோஸ் சிரிக்கவில்லை.

மைக் கைக்கு வந்துவிட்டது. நன்றி சொன்னார் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது. பதினொரு நாள்.

முதுகில் பளிங்கின் குளிர்ச்சி பட்டபோதுதான், சுவரை ஒட்டி நிற்பது அவளுக்கே தெரிந்தது.

“மலையிலேர்ந்து முதல்ல வந்தது இவங்க இல்ல. நான். எழுபத்தாறுல.”

கிறிஸ்டல் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அல்காந்தராங்கிறது நான் பாத்திரம் கழுவின வீட்டோட பேரு.”