பச்சையாகத் தெரிந்த பாக்கி

பெருச்சாளியின் வங்கி கொடுத்த கிரெடிட் கார்டில் முந்திரியாக வாங்கித் தின்ற அணிலுக்குத் தன் ஒழுங்கைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. மனிதர்கள் கணக்குப் பார்க்க போனில் ஆப் வைத்திருப்பதுபோல அது ஒரு பச்சோந்தியையே வேலைக்கு வைத்திருந்தது. பாக்கி நின்றால் பச்சோந்தி சிவக்கும்; கட்டிவிட்டால் பச்சையாகும்.

மூன்று மாதமாக ஒரே சிவப்பு. விடிந்ததும் அந்த மூஞ்சியில் விழித்தால் அணிலுக்குத் தின்ற முந்திரி செரிப்பதில்லை.

"யோவ், கொஞ்சம் அந்த வேப்பிலை மேல போய் உட்காரேன்யா."

பச்சோந்தி நகர்ந்தது, பச்சையானது. அணிலுக்கு நெஞ்சுப் பாரமே இறங்கிவிட்டது. அதைக் கொண்டாட இன்னும் அரைக்கிலோ முந்திரி வாங்கியது, அதே கார்டில்தான்.

மறுநாள் பெருச்சாளி வந்து பாக்கியைக் கேட்டது.

"பாக்கியா? நல்லாப் பாருங்க சார், எல்லாம் பச்சை!"

பெருச்சாளி அண்ணாந்து பார்த்தது. "அழகா இருக்கு. இந்த மரம் உங்க பேர்லதானே?"

"என் பேர்லதான் சார்!"

பெருச்சாளி ரொம்ப மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வேரைத் தோண்ட ஆரம்பித்தது.

மரம் சாய்கிறபோது பச்சோந்தி பணிவாகக் கேட்டது: "முதலாளி, விழும்போது எந்த நிறத்துல இருக்கட்டும்?"